ஜீப் ஹாரன்

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும் பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் கிரேஸுக்கு மணிக்கட்டு முறிந்தது. மேலேயிருந்து மரவள்ளிக்கிழங்கு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவன் வியாகுலம் வளைவுக்கு முன்பே ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தான். அந்தப் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் ஹாரன் தொண்டை கட்டிய கோழி மாதிரி இழுத்தது. லாரிக்காரனுக்கு அது காதில் விழவே இல்லை. வியாகுலம் வண்டியை ஓரம் ஒடித்தான். சக்கரம் ஜல்லியில் வழுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த கிரேஸ் தடுப்புச்சுவரில் போய் விழுந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். அடியில் மூங்கில் கொத்துகளின் தலைகள் தெரிந்தன.

கிரேஸ் மலைமேல் இருந்த துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவர்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருந்தது. ஊரின் கடைசியில் மாதாகோயில் தெரு, அங்கேதான் வீடு. மலைக்குப் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மழை பெய்தால் அதுவும் கிடையாது. அதனால் அவள் சம்பளத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்கினார்கள். திங்கட்கிழமை வியாகுலம் அவளைக் கொண்டுபோய் விடுவான், சனிக்கிழமை அழைத்து வருவான். மற்ற நாட்களில் ஊர்த்தெரு நிலக்காரர் வீரமுத்துவிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கரும்பு வெட்டுவதும் மணிலாக்கொட்டை பிடுங்குவதுமாக இருப்பான்.

மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி கிரேஸ் சொன்னாள்: "இனிமே அந்த பீப்பீய நம்பி நான் ஏற மாட்டேன். லாரிக்காரனுக்கு கேக்கற மாதிரி ஒரு ஆரன் வைங்க. இல்லன்னா நான் பஸ்ஸுக்கே நின்னுக்கறேன்."

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் பூமாலை என்பவர் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் கடையின் மூலையில் ஏலத்தில் எடுத்த ஒரு சர்க்கார் ஜீப்பின் உறுப்புகள் குவிந்து கிடந்தன. அதிலிருந்து ஹாரனைக் கழற்றியெடுத்து, துணியால் துடைத்து, கம்பியைத் தொட வைத்துக் காட்டினார். அது அலறியதில் எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் சூட்டைக் கையில் கொட்டிக்கொண்டு உதறினான்.

"இது எப்பிடி?" என்றார் பூமாலை.

"இதே போதும்ணே."

"உன் வண்டி ஆறு வோல்ட்டு. இதுக்கு பன்னெண்டு வேணும். ரெண்டு பேட்டரி சேத்து வச்சி தரேன். வாரத்துக்கு ஒருக்கா எட்தாந்து சார்ஜி போட்டுக்கினு போ."

அன்று மாலை வியாகுலம் ஊருக்குள் நுழைந்தபோது, ஊர்த்தெருவின் முனையில் ஒரு மாடு குறுக்கே நின்றது. அவன் ஹாரனை அழுத்தினான். வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்த வீரமுத்து சட்டென்று எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். தாசில்தாரோ, போலீஸோ என்று நினைத்திருப்பார். திரும்பிப் பார்த்தால் வியாகுலம்.

"இன்னாடா இது? ஜீப்பு வருதுன்னு எழுந்துட்டேன்டா."

அவரே சிரித்தார். வியாகுலமும் சிரித்தான். பக்கத்தில் நின்றிருந்த அவர் மகன் இளஞ்செழியன் சிரிக்கவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டு, இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்த பையன். இறக்கிவிட்ட வேட்டியோடு நின்ற தன் அப்பாவையும், வண்டியில் உட்கார்ந்திருந்த வியாகுலத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

வீட்டில் கிரேஸ் இதைக் கேட்டதும், "அந்தத் தெருவுல மட்டும் அடிக்காதீங்க" என்றாள்.

"ஏன் அடிக்கக் கூடாது?"

அவன் அப்பா அந்தத் தெருவைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடந்திருக்கிறார். அது இருவருக்கும் தெரியும். அதனால் அவள் காரணம் சொல்லவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஊர்த்தெருவில் மாடோ ஆளோ குறுக்கே வந்தால் ஹாரனை ஒரு தரம் அழுத்தத்தான் செய்தான். மலைப்பாதையில் லாரிக்காரர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். கிரேஸ் பின்னால் கண்ணை மூடிக்கொள்ளாமல் உட்கார்ந்து போனாள்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த சமயத்தில் சாலை மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர்த்தெருக்காரர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தரம் ஒரு வாரத்துக்கு எந்த வண்டியும் ஓடக் கூடாது என்று முடிவாகியிருந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை என்று எந்தப் பக்கமும் பஸ் போகவில்லை.

கிரேஸ் அப்போது மலையில் இருந்தாள். மறியல் தொடங்கிய மறுநாள் வியாகுலம் அரிசியும் மண்ணெண்ணெயும் கட்டிக்கொண்டு, கொல்லை வரப்புகளில் வண்டியை இறக்கி ஏற்றி, ஒருவழியாக அவளிடம் போய்ச் சேர்ந்தான். ரோடு திறக்கும்வரை அங்கேயே இருந்துவிடுவதாக எண்ணம். அவன் கிளம்பி வந்த பிறகு ஊரில் நடந்தது அவனுக்குத் தெரியாது. ஊர் எல்லையில், இரண்டு பக்கமும் கரும்பு வளர்ந்து நிற்கும் வளைவில், போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கி அகப்பட்டவர்களையெல்லாம் அடித்திருந்தது. இளஞ்செழியனின் கூட்டாளி ஒருவன் மண்டை உடைந்து, பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தான். திரும்ப ஜீப் வந்தால் சும்மா விடுவதில்லை என்று பையன்கள் கரும்புக்குள் கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில், சின்னதுரை என்ற மலைக்காரன் கிரேஸைத் தேடி ஓடி வந்தான். அவன் மனைவி காசியம்மாளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. கிரேஸ் போய்ப் பார்த்தபோது பாயெல்லாம் ரத்தம். தெரிந்ததையெல்லாம் செய்தாள். ஊசி போட்டாள், வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். ரத்தம் குறைந்தது; நிற்கவில்லை. காசியம்மாளின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவணும்" என்றாள் கிரேஸ்.

"டோலி கட்டிக்கலாம் நர்ஸம்மா" என்றான் சின்னதுரை. "ஆளு இருக்குது. ஒத்தையடிப் பாதையில எறங்கிட்டா, மறியல் கிறியல் ஒண்ணும் கெடையாது. காட்டு வழியாவே போயிடுவோம்."

"உச்சிப் பொழுது தாண்டிடும் சின்னதுரை. அதுவரைக்கும் தாங்க மாட்டா. வண்டியில போயிடலாம்."

"வழியில மரம் கெடக்குதே?"

"நான் இருக்கேன் இல்ல? நர்ஸுன்னா வுட்டுடுவாங்க."

சின்னதுரை மனைவியைப் பார்த்தான். பிறகு சரி என்று தலையை ஆட்டினான். குழந்தையை அவன் தாயாரிடம் விட்டுவிட்டு, காசியம்மாளைத் தூக்கி வந்து வியாகுலத்துக்கும் கிரேஸுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். கிரேஸ் ஒரு புடவையால் அவளைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சின்னதுரை குறுக்குப் பாதையில் இறங்கி வருவதாகச் சொல்லி ஓடினான்.

ஒவ்வொரு வளைவிலும் வியாகுலம் ஹாரன் அடித்தான். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை, பழக்கத்தில் அடித்தான். காசியம்மாளின் தலை அவன் முதுகில் சாய்ந்திருந்தது. "கொளந்தைக்கு பால் யாரு தருவா?" என்று ஒரு தரம் கேட்டாள். "உன் நாத்தனாரு தருவா, நீ பேசாத" என்றாள் கிரேஸ்.

கச்சிராயபாளையம் தாண்டி முதல் மரம் கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தடியோடு எழுந்து வந்தார்கள். நடுவில் தலை தொங்க உட்கார்ந்திருந்தவளையும், கிரேஸின் புடவையில் ஊறியிருந்த ரத்தத்தையும் பார்த்ததும் தடிகள் இறங்கின.

"நர்ஸம்மாடா. வுடுங்கடா, வுடுங்க."

இரண்டு பேர் காசியம்மாளை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தார்கள். நான்கு பேர் வண்டியைத் தூக்கி வைத்தார்கள். ஒரு பெரியவர் தன் துண்டை அவிழ்த்துக் கிரேஸிடம் கொடுத்தார், ரத்தத்துக்கு வைத்துக்கொள்ள. "நாங்க வுட்டோம்னு சொல்லிக்கினு போம்மா. ஒண்ணும் செய்ய மாட்டானுங்க" என்றார்.

கிரேஸுக்குத் தைரியம் வந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான், அடுத்தது தங்கள் ஊர், எல்லோரும் தெரிந்த முகங்கள் என்று நினைத்தாள். ஆனால் காசியம்மாளின் உடம்பு கனத்துக்கொண்டே வந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. கன்னத்தில் தட்டினால் கண் திறக்கவில்லை. ஊர் எல்லை வளைவு நெருங்கியது. கரும்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. நிறுத்தி, இறங்கி, விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"ஆரன் அடிங்க" என்றாள். "முன்னாடியே வழி வுடட்டும். வுடாம அடிங்க."

வியாகுலம் கட்டைவிரலை எடுக்காமல் அழுத்தினான். அந்த வளைவில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. வருவது என்ன வண்டி என்று யாருக்கும் தெரியாது. சத்தம் மட்டும்தான் தெரியும்.

"ஜீப்புடா! ஜீப்பு வருதுடா!" என்று யாரோ கத்தியது கிரேஸுக்குக் கேட்டது. அதன் அர்த்தம் புரிவதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது. கற்கள் கரும்பின் மேலாகப் பறந்து வந்தன. ஒன்று ஹெட்லைட்டை உடைத்தது. ரோட்டோரத்தில் கையை ஓங்கிக்கொண்டு நின்றவன் இளஞ்செழியன். வருவது ஜீப் இல்லை என்று அவன் பார்த்ததும், கல் அவன் கையை விட்டுப் போனதும் ஒரே நொடி. அவன் வாய் திறந்தபடி நின்றதை கிரேஸ் தெளிவாகப் பார்த்தாள். கல் வியாகுலத்தின் இடது கண்ணில் விழுந்தது.

வண்டி சாய்ந்து, மூவரும் ரோட்டில் இழுபட்டுக்கொண்டு போனார்கள். ஹாரன் மாட்டிக்கொண்டு நிற்காமல் அலறியது. யாரோ ஓடி வந்து தடியால் அடித்து அதை நிறுத்தினார்கள்.

முதலில் அசைந்தவர் வீரமுத்து. "பம்ப்செட்டுல கட்டில் இருக்குது, எட்தாங்கடா" என்று கத்தினார். இரண்டு கட்டில்கள் வந்தன. ஒன்றில் வியாகுலத்தையும் ஒன்றில் காசியம்மாளையும் கிடத்தி, கல் எறிந்த பையன்களே தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மரம் கிடந்த இடத்திலெல்லாம் கட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிக் கடத்தினார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றிப் போனார்கள். இளஞ்செழியன் காசியம்மாளின் கட்டிலைத் தூக்கினான். யார் மாற்ற வந்தும் கொடுக்கவில்லை. கிரேஸ் அந்தக் கட்டிலின் பக்கத்தில் காசியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். கள்ளக்குறிச்சி கண்ணில் படும் இடத்தில் நாடி நின்றுபோனது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கட்டிலை இறக்கிவிடுவார்கள், மற்றக் கட்டிலும் தாமதமாகும் என்று அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியை விலக்கி வியாகுலத்தின் கண்ணைப் பார்த்தார். "இது பாண்டிச்சேரிக்குப் போகணும். உடனே எடுத்தாகணும். இல்லன்னா இன்னொரு கண்ணையும் கெடுத்துடும்" என்றார். போக வழியில்லை. தியாகதுருகத்தையே தாண்ட முடியவில்லை. ரோடு திறந்து, மரங்களை அப்புறப்படுத்தி, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. இடது கண்ணை எடுத்தார்கள். மாதக்கணக்கில் மருந்து ஊற்றியும் வலது கண்ணில் புகை மூட்டம் போல ஒன்று வந்து, அடர்ந்து, கடைசியில் அதுவும் அணைந்தது.

அதற்கெல்லாம் முன்பே, வியாகுலம் கட்டோடு படுத்திருந்தபோதே, ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். அவரே பெயர்களைச் சொன்னார். வீரமுத்துவில் தொடங்கி ஊர்த்தெருவில் பாதிப் பேரைச் சொன்னார். "இவங்க எல்லாரும் இருந்தாங்கன்னு சொல்லும்மா. மீதிய நாங்க பாத்துக்கறோம். நாளைக்கு வர்றேன், யோசிச்சு வை."

அன்று சாயங்காலமே வீரமுத்து வந்தார். வார்டு வாசலில் நின்று துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நர்ஸம்மா" என்றார். அதுவரை அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார். "நீங்க யாரையும் பாக்கலன்னு சொல்லிடுங்க. ஒரே புள்ள. அவன் வேணும்னு செய்யல. ஜீப்புன்னு நெனச்சிட்டான்."

"தெரியும்."

"ஒதுக்கீடுன்னு நாங்க கேட்டது ஞாயந்தானம்மா? ஒரு சீட்டு கெடைக்கலியே அவனுக்கு."

"ஞாயந்தான்" என்றாள் கிரேஸ். அவர் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

அவள் வியாகுலத்திடம் கேட்டாள். "இன்னா சொல்லட்டும்?"

அவன் கட்டுக்குள் இருந்த முகத்தைத் திருப்பாமலே பேசினான். "ஆரன் வைக்கச் சொன்னது நீ. அடிக்கச் சொன்னது நீ. அடிச்சது நானு. அவன் கல்லு வுட்டான். யார் பேர மொதல்ல சொல்லுவ, சொல்லு பாக்கலாம்."

அவன் அப்படி ஒருநாளும் பேசியதில்லை. அவள் வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. காசியம்மாள் செத்ததற்கு யாரும் தன்னைக் கேட்கவில்லையே என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் அவள் ஒரே பெயர்தான் சொன்னாள். "நான் பாத்தது ஒருத்தனத்தான். இளஞ்செழியன். வேற யாரையும் நான் பாக்கல. ஜீப்புன்னு நெனச்சி வுட்டான். அதையும் எழுதிக்குங்க."

"வீரமுத்து?"

"அவருதான் கட்டில் எட்தாரச் சொன்னாரு."

இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் அதற்கு மேல் பேசவில்லை. இளஞ்செழியனைப் பிடித்துப் போய்க் கடலூர் ஜெயிலில் வைத்தார்கள். வீரமுத்து குத்தகை நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மாதாகோயில் தெருக்காரர்களைக் களை எடுக்கக்கூட ஊர்த்தெருவில் யாரும் கூப்பிடவில்லை. "யாரையும் பாக்கலன்னு சொல்லியிருந்தா எங்க பொழப்பாவது ஓடியிருக்கும்" என்று பக்கத்து வீட்டு செலினா முகத்துக்கு நேரே சொன்னாள். அவளையும் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் அவள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன.

விடுப்பு முடிந்ததும் கிரேஸ் பஸ் ஏறி மலைக்குப் போனாள். முதலில் சின்னதுரையின் வீட்டுக்குத்தான் போனாள். அவன் சாமைப் பயிரில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். குழந்தை மர நிழலில் தூளியில் கிடந்தது. அவன் அவளைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, சண்டைக்கு இழுக்கிற குரலில் இல்லாமல், யோசித்துப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னான்:

"டோலியிலயே தூக்கினு போயிருப்போம் நர்ஸம்மா."

கிரேஸ் தலையாட்டினாள். டோலியில் போயிருந்தாலும் வழியிலேயே போயிருப்பாள் என்று சொல்லிக்கொள்ளலாம். நர்ஸ் வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அவள் சொல்லவில்லை. குழந்தைக்கு எடை பார்த்தாள், ஊசி போட்டாள். கீழே இறங்காமல் அந்த வாரம் முழுக்க மலையிலேயே இருந்தாள்.

எண்பத்தொன்பதில் ஒதுக்கீடு வந்தது. மறியல் வழக்குகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டபோது இளஞ்செழியன் மேலிருந்ததும் போயிற்று. அந்த வருஷமே அவனுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. ஊர்த்தெருவில் வெடி வெடித்தார்கள். அது மாதாகோயில் தெருவரை கேட்டது.

பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவன் அவர்கள் வீட்டுக்கு வந்தான். கிரேஸும் வியாகுலமும் வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து மணிலாக்கொட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். கண் போன பிறகு வியாகுலம் கையால் செய்யக் கூடிய வேலையையெல்லாம் செய்தான். கூலிக்கு வாங்கி வந்து உரித்தார்கள்.

இளஞ்செழியன் இளைத்திருந்தான். முன்பல் ஒன்று இல்லை. ஸ்டேஷனில் போனது என்று ஊரில் பேச்சு. வந்தவன் நிழலுக்கு வெளியே நின்றான்.

"யாரு?" என்றான் வியாகுலம்.

"நான்தான்... வீரமுத்து மவன்."

வியாகுலத்தின் கை நின்றது. கிரேஸ் எழுந்திருக்கவில்லை.

"சீட்டு கெடச்சிடுச்சின்னு கேள்விப்பட்டோம்" என்றாள்.

"ம்." அவன் காலால் மண்ணைத் தேய்த்தான். "நர்ஸம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நூறு பேரு இருந்தாங்க. நூறு பேரும் கல்லு வுட்டாங்க. என் பேர மட்டும் சொன்னீங்களே."

"உன் மூஞ்சியத்தான் பாத்தேன்."

"பாக்கலன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் கிரேஸ். "அவருக்கு அந்தக் கண்ணு போவாம இருந்திருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியல. ஆனா ஒரு பொம்பள செத்தா. அவ சாவுக்கு ஒருத்தர் பேரும் சொல்லலன்னா எப்பிடி?"

"நான்தான் அவங்கள தூக்கினு ஓடினேன்."

"பாத்தேன். அதையும்தான் பாத்தேன்."

இளஞ்செழியன், வியாகுலம் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தவன் போல அவன் பக்கம் திரும்பி நின்றான். வியாகுலம் கையிலிருந்த கொட்டையை விரலில் உருட்டினான். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. கோயிலில் ஜெபம் முடிந்து பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. இளஞ்செழியன் மெதுவாகத் திரும்பி, வந்த வழியே நடந்தான்.

செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகு வியாகுலம் கேட்டான். "பூட்டானா?"

"பூட்டான்."

"அழுதானா?"

"இல்ல."

வியாகுலம் கையை நீட்டித் தடவி, முறத்தில் கொட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். கிரேஸ் முறத்தை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். இருவரும் உரித்தார்கள்.